திரும்பாதவனின் வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போருக்குப் பிந்தைய குடும்பத்தைத் திரையில் ஆழமாகக் காட்டியது வீடு திரும்பிய வீரனின் கதையா, திரும்பாதவனின் வீட்டுக் கதையா? திரும்பாதவனின் வீட்டுக் கதைதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர், இரண்டாம் உலகப் போரிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றி 1946-இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தை எடுத்து வைத்தார். நிஜ வாழ்விலும் இரு கைகளை இழந்த நடிகர் ஹரால்ட் ரஸ்ஸல், கைகளுக்குப் பதிலாக மாட்டியிருக்கும் கொக்கிகளைக் கழற்றிவிட்டால் சாத்திய கதவைக்கூடத் திறக்க முடியாது என்று தன்னை விரும்பும் பெண்ணிடம் காட்டும் காட்சியைச் சொன்னார். அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் படம் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறதே! அதற்குப் பிறகு அவர்கள் குடும்பம் நடத்தியதை யார் காட்டினார்கள்?

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு காட்டினார். 1953-இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யில் வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். அவர்களின் இன்னொரு மகன் ஷோஜி போரில் மாண்டு எட்டு வருடமாகிவிட்டது. ஓசு சீனாவில் சிப்பாயாக இருந்தவர். போர் முடிந்தபோது சிங்கப்பூரில் இருந்தவர். அப்படிப்பட்டவர் இந்தப் படத்தில் ஒரு போர்க்களக் காட்சிகூட வைக்கவில்லை. போர் எங்கே தெரிகிறது தெரியுமா? விதவை மருமகள் நோரிகோவின் ஒற்றை அறையில். அலமாரியில் கணவன் படம். சொந்த ஊரான ஒனோமிச்சியிலிருந்து வந்த மாமனாருக்கு ஊற்றிக் கொடுக்க வீட்டில் 'சாக்கே' என்ற அரிசி மது இல்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கி வருகிறாள். பிறகொரு நாள் மாமியார் டோமி அங்கே தங்கும்போது, இறந்த மகனின் படுக்கையில்தான் படுக்கிறாள். கேமரா, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே அசையாமல் நிற்கிறது. விருந்தாளியோடு விருந்தாளியாக நம்மையும் தரையில் உட்கார வைத்துவிடுகிறது.

பெற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள்? டாக்டர் மகனுக்கும் சிகை அலங்காரக் கடை நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. காசு போட்டு அதாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், கிழவர்களுக்குத் தூக்கமில்லை.

இன்னொன்று. 1948 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய குடிமைச் சட்டம் ஜப்பானின் குடும்பத் தலைவர் முறையை ஒழித்தது. கணவனை இழந்தவள் விரும்பினால் மாமனார் மாமியார் உறவை முறித்துக்கொள்ளவும் வழி இருந்தது. நோரிகோ முறிக்கவில்லை. அதற்காக ஓசு அவளைத் தெய்வமாக்கவும் இல்லை. கணவனை நினைக்காமலே நாட்கள் போகின்றன என்று மாமனாரிடம் அவளே அழுதபடி சொல்கிறாள். அவரோ, அவனை மறந்துவிட்டு மறுமணம் செய்துகொள் என்று சொல்லி, செத்துப்போன மனைவி டோமியின் பாக்கெட் கடிகாரத்தைக் கொடுக்கிறார். அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதே, சிகை அலங்காரக் கடை மகள் ஷிகே தனக்கு வேண்டிய கிமோனோவைக் கேட்டுவிட்ட குடும்பம் அது!

நடுவர் அவர்களே, பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்த நண்பர் ஒருவரோடு மாமனார் குடிக்கும் காட்சியும் இதில் உண்டு. பிள்ளையை இழப்பது கொடுமை, இருக்கும் பிள்ளையோடு வாழ்வதும் லேசல்ல என்ற பேச்சு அங்கே வருகிறது. இதற்கு ஈடான ஒரு காட்சியை எதிரணி காட்டட்டும், அதன் பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.