கிழித்துப் பார்த்த ஒரு தாள்

எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது இன்றைய பேச்சுக்கான குறிப்புத் தாள், சாதாரண ஏ4. இதன் மூலையைக் கொஞ்சம் கிழிக்கிறேன். சத்தம் கேட்டதா? கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பூனைமுடி போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நார். அந்த நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைத்தான் தாள் என்கிறோம்.

இதன் எடை 5 கிராம். கசக்கி எறியக் கை கூசாத எடை! ஆனால் உலகம் முழுக்க ஓர் ஆண்டில் தயாராகும் தாளும் அட்டையும் சுமார் 40 கோடி டன்.

வேடிக்கை என்னவென்றால், காகிதம் வளர்ந்ததே கழிவுப் பொருளில்தான். கி.பி. 105இல் சீன அரசவையில் சாய் லுன் சொன்ன செய்முறையில் மரப்பட்டையோடு கந்தல் துணியும் பழைய மீன்வலையும் இருந்தன. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் கந்தல்தான். அது போதாமல் போன பிறகுதான், 19ஆம் நூற்றாண்டில், மரத்தின் மேல் கை வைத்தார்கள்.

மரத்தில் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை லிக்னின். அதை அப்படியே விட்டுவைத்துச் செய்வதால்தான் செய்தித்தாள் வெயில் பட்டால் மஞ்சளாகிறது. நல்ல வெள்ளைத் தாள் வேண்டுமென்றால் ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினைப் பிரிக்க வேண்டும். மரத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். அப்புறம் வெளுக்க வேண்டும். குளோரின் வாயுவால் வெளுத்த காலத்தில் ஆலைக் கழிவுநீரோடு டயாக்சின் என்ற நச்சும் ஆறுகளில் கலந்தது. வெள்ளை நிறத்தின் மேல் நமக்கு இவ்வளவு மோகம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, பழைய தாள் ஆலைக்குப் போனால் என்ன ஆகிறது? தண்ணீரில் ஊறவைத்துக் கடைகிறார்கள். சோப்பு சேர்த்து அடியிலிருந்து காற்றை விடுகிறார்கள். மை குமிழிகளில் ஒட்டிக்கொண்டு கறுப்பு நுரையாக மேலே வரும், வழித்து எடுத்துவிடலாம். புதிதாக மரத்தை வேகவைப்பதைவிட இதற்குத் தண்ணீரும் மின்சாரமும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் அது பின்னிக்கொள்ளாது. அதனால் மறுசுழற்சி இருக்கிறதே என்று தாராளமாக அச்செடுப்பது சரிப்படாது. குறைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

இன்னொன்று, மறுசுழற்சிக்கு எதைப் போடுகிறோம் என்பது. ஸ்டேப்ளர் பின்னுக்குப் பயப்பட வேண்டாம். ஆலையில் காந்தமும் சல்லடையும் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட தாள்தான் கூழைக் கெடுக்கும். காகிதக் கோப்பைக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. வழவழப்பான ரசீதுகள் சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசியவை. நானே பல வருடம் அவற்றைப் பழைய பேப்பரோடுதான் கட்டிப் போட்டேன். ஈரக் குப்பையோடு சேர்ந்த தாள் எதற்கும் ஆகாது. குப்பைமேட்டுக்குள் காற்றில்லாமல் மட்கி மீத்தேனாக வெளியேறும்.

இந்தத் தாளின் பின்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் கேள்விகளை அதில்தான் குறித்துக்கொள்ளப் போகிறேன். கேளுங்கள்.