ஐந்தடி ஒன்பது அங்குல லைன்பேக்கர்: சாம் மில்ஸின் ஆட்டவாழ்வு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கராக ஆடிப் பெரும்புகழ் பெற்றவர்கள் பலர். டிக் பட்கஸ், லாரன்ஸ் டெய்லர், ரே லூயிஸ் ஆகிய பெயர்கள் அந்த ஆட்டத்தை ஓரளவே பின்தொடர்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களையெல்லாம் விட்டுவிட்டுச் சாம் மில்ஸைப் பற்றிப் பேச நான் முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் களத்தில் இறங்குவதற்கு முன்பே, உடற்கட்டைக் கண்ட அளவிலேயே, லைன்பேக்கர்கள் என்று ஏற்கப்பட்டவர்கள். மில்ஸோ ஆடிக் காட்டிய பின்னரும் ஏற்கப்படாதவர். அவருடைய உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த ஓர் எண்ணைக் காட்டியே அவரை விலக்கினார்கள். ஒரு லைன்பேக்கரின் வேலை உண்மையில் எங்கே நடக்கிறது என்பதை வேறு எவருடைய ஆட்டவாழ்வைக் காட்டிலும் இவருடைய ஆட்டவாழ்வு தெளிவாகக் காட்டுகிறது என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக அந்த வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தடுக்கும் அணியின் பதினொருவரில் முன்வரிசையில் நிற்பவர்கள் பந்தேந்தி வருபவருக்கு வழி திறந்துவிடும் எதிரணியின் பேருருவத் தடுப்பாளர்களோடு நேருக்கு நேர் மோதுகிறார்கள். பின்வரிசையில் நிற்பவர்கள் தொலைவில் வீசப்படும் பந்தைக் காக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, பந்து கிளம்பும் கோட்டிலிருந்து நான்கைந்து கஜம் பின்னால் நிற்பவரே லைன்பேக்கர். எதிரணி பந்தைக் கையில் ஏந்தி ஓடப்போகிறதா, முன்னோக்கி வீசப்போகிறதா என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஓட்டமென்றால் முன்னே பாய்ந்து ஓடுபவரை வீழ்த்த வேண்டும். வீச்சென்றால் பின்வாங்கித் தமக்குரிய இடத்தைக் காக்க வேண்டும். தவறான திசையில் எடுத்துவைத்த ஒரே அடி பத்துக் கஜத்தைப் பறிகொடுக்கச் செய்துவிடும்.

ஆகவே நடுவில் நிற்கும் லைன்பேக்கரின் பார்வை பெரும்பாலும் பந்தின் மேல் இருப்பதில்லை. பந்து ஏமாற்றும். அவர் பார்ப்பது எதிரே நிற்கும் கார்டு என்னும் தடுப்பாளரை. அந்தக் கார்டு தாழ்ந்து முன்னோக்கி உந்தினால் ஓட்டம் வருகிறது. தலைக்கவசம் சட்டென்று மேலெழுந்து, கைகள் முன்னீட்டிப் பின்னடைந்தால் வீச்சு வருகிறது. பக்கவாட்டில் விலகி ஓடினால் அவர் போகும் திசையிலேயே பந்தும் போகக்கூடும். இவ்வளவையும் கண்டு முடிவெடுக்க ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை. உயரம் குறைந்தவர் இந்த இடத்துக்கு ஆகார் என்ற எண்ணம் அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். தலைக்குமேல் செல்லும் பந்தை எட்டிப் பிடிக்க உயரம் வேண்டும். தம்மைவிட அரையடி உயர்ந்த, நாற்பது கிலோ கூடுதலாகக் கனத்த மனிதர் பிடித்துக்கொண்டால் விடுபட நீண்ட கைகள் வேண்டும். ஆனால் மோதும் கணத்தில் எவருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவரே மற்றவரை நிமிர்த்தித் தள்ளுகிறார் என்பதும் அதே ஆட்டத்தின் விதிதான். உயரமானவர்கள் முழங்காலை மடக்கிப் பெற வேண்டிய அந்தத் தாழ்வு மில்ஸுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது. இந்தப் பக்கத்தைத் தேர்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1959 ஜூன் 3 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நெப்டியூன் என்ற ஊரில் பிறந்து, லாங் பிராஞ்ச் நகரில் பெரிய குடும்பமொன்றில் வளர்ந்தவர் மில்ஸ். அவர் படித்த மாண்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரி, விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அங்கே அவர் குவித்த, பந்தேந்தி ஓடுபவரை வீழ்த்தும் டாக்கிள்கள் எத்தனையாயினும், அந்தப் பிரிவில் யார்தான் குவிக்கமாட்டார்கள் என்ற எண்ணமே பெரிய அணிகளிடம் இருந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1981-ஆம் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அவர் பெயரை அழைக்கவில்லை. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பார்த்துவிட்டு விடுவித்தது. அடுத்து கனடாவின் டொரான்டோ ஆர்கனாட்ஸ் அணியும் அவ்வாறே செய்தது.

அதன்பின் அவர் நியூ ஜெர்சிக்குத் திரும்பி, ஈஸ்ட் ஆரஞ்சு உயர்நிலைப் பள்ளியில் புகைப்படக் கலையும் மரவேலையும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரானார். பள்ளிக் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்றுநராகவும் இருந்தார். பெரும்பாலான ஆட்டக்காரர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. மில்ஸின் கதை முடியாமற் போனதற்கு 1983-இல் யு.எஸ்.எஃப்.எல். என்ற பெயரில் ஒரு புதிய லீக் வசந்த காலத்தில் ஆடத் தொடங்கியது ஒரு காரணம். மற்றொரு காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மில்ஸை விடுவித்த பிரவுன்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் சாம் ருடிலியானோவே, அந்தப் புதிய லீகின் பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியை நடத்திவந்த கார்ல் பீட்டர்சனிடம் மில்ஸைப் பரிந்துரைத்தார். தாம் வேண்டாமென்று அனுப்பிய ஒருவரை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வதற்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மை இல்லாதிருந்தால் இன்று நாம் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டோம்.

ஸ்டார்ஸ் அணியின் பயிற்றுநர் ஜிம் மோரா. உயரத்தைக் கண்டு முதலில் அவரும் தயங்கினார். ஆனால் முகாமில் தலைக்கவசம் அணிந்து மோதத் தொடங்கியபின் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று. மூன்று பருவங்களில் மூன்று முறையும் ஸ்டார்ஸ் இறுதியாட்டத்தை எட்டியது. 1983-இல் மிச்சிகன் பாந்தர்ஸிடம் 24-22 என்ற கணக்கில் தோற்றது. 1984-லும் 1985-லும் கோப்பையை வென்றது. பிறகு லீகே கலைந்தது. தேசியக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஏகபோகம் செய்கிறது என்று அது தொடுத்த வழக்கில் 1986-இல் வெற்றி கிட்டியது; இழப்பீடாக நடுவர் குழு வழங்கியது ஒரே ஒரு டாலர், சட்டப்படி மும்மடங்காகி மூன்று டாலர். அந்தத் தீர்ப்போடு பல ஆட்டக்காரர்களின் ஆட்டவாழ்வும் முடிந்தது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்ற மோரா, மில்ஸையும் உடன் அழைத்துச் சென்றார். இவ்வாறு, என்.எஃப்.எல். களத்தில் முதன்முறையாக இறங்கியபோது மில்ஸுக்கு வயது 27.

செயின்ட்ஸ் அணி 1967-இல் தொடங்கப்பட்டது. மில்ஸ் சேர்ந்த 1986-ஆம் ஆண்டு வரை, தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த ஒரு பருவம்கூட அதற்கு வாய்த்ததில்லை. 1987-இல் 12 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கில் முதன்முறையாக, பருவ முடிவில் தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. மோரா அமைத்த தடுப்பில் முன்வரிசையில் மூவரும் அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கர்களும் நின்றனர். விளிம்புகளில் ரிக்கி ஜாக்சனும் பாட் ஸ்வில்லிங்கும், நடுவே வான் ஜான்சனும் சாம் மில்ஸும். சூப்பர்டோம் அரங்கைத் தாயகமாகக் கொண்ட அந்த நால்வரை ரசிகர்கள் ‘டோம் பேட்ரோல்’ என்று அழைத்தார்கள். 1991, 1992 ஆகிய இரு பருவங்களிலும் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி செயின்ட்ஸ்தான். லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ பவுல் ஆட்டத்துக்கு, 1992-ஆம் ஆண்டுப் பருவத்தில் நால்வருமே தேர்வு செய்யப்பட்டனர். ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்களும் ஒருசேரத் தேர்வானது என்.எஃப்.எல். வரலாற்றில் அந்த ஒருமுறைதான்.

பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கைத் துரத்திச் சென்று சாய்க்கும் விளிம்பு லைன்பேக்கர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் பெரிதாக வரும்; 1991-இல் லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் ஸ்வில்லிங்குக்கே கிடைத்தது. அவர்கள் அஞ்சாமல் விளிம்பிலிருந்து பாய முடிந்ததற்கு, நடுவில் ஓட்டம் வந்தால் அதை நிறுத்த மில்ஸும் ஜான்சனும் இருக்கிறார்கள் என்ற உறுதி காரணம். பந்து கிளம்புவதற்கு முன் எதிரணியின் நிலையைப் பார்த்து, சக ஆட்டக்காரர்களை இடம் மாற்றி நிறுத்துவதும் மில்ஸின் பொறுப்பாக இருந்தது. புள்ளிவிவரப் பட்டியலில் இந்த உழைப்புக்கென ஒரு கட்டம் கிடையாது. பிற்காலத்தில் பேட்டன் மேனிங் போன்ற மாபெரும் ஆட்டக்காரர்களையும் பயிற்றுவித்த ஜிம் மோரா, தாம் பயிற்றுவித்தவர்களிலேயே சிறந்தவர் சாம் மில்ஸ் என்று சொல்லிவந்தார். ஒரு பயிற்றுநரின் பாசம் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேனிங்கை அருகிலிருந்து பார்த்தவர் சொன்ன சொல் அது.

செயின்ட்ஸ் அந்தக் காலத்தில் நான்கு முறை பிளேஆஃப் சுற்றுக்குச் சென்று நான்கு முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. அந்தக் குறையோடுதான் 1995-இல் மில்ஸ் அங்கிருந்து விலகி, அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட கரோலினா பாந்தர்ஸ் அணியில் சேர்ந்தார். வயது 36. அங்கே தலைமைப் பயிற்றுநர் டாம் கேப்பர்ஸ். தடுப்பாட்டப் பொறுப்பாளர் விக் ஃபாஞ்சியோ. இருவரும் ஸ்டார்ஸ் காலத்திலிருந்தே மில்ஸை அறிந்தவர்கள். அவருடைய ஆட்டத்தை நெருங்கிப் பார்த்தவர்கள் எவரும் அவரைக் கைவிடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

புதிய அணி முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டம். ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் பப்பி பிரிஸ்டர், தம்மை நெருங்கும் எதிரணியினரின் இடைவெளியில் பந்தைத் தாழ்வாக, கையடியில் நழுவவிடும் ‘ஷவல் பாஸ்’ என்ற உத்தியைக் கையாண்டார். வீச்சு வரப்போகிறது என்று நம்பிப் பின்வாங்கும் லைன்பேக்கரை ஏமாற்றுவதற்கென்றே வகுக்கப்பட்ட உத்தி அது. மில்ஸ் பின்வாங்கவில்லை. தமக்கு முன்னால் திறந்த வழியில் முன்னேறி, பந்து போய்ச் சேர வேண்டிய ஆளுக்கும் பந்துக்கும் நடுவே வந்து நின்று அதைக் கைப்பற்றி, 36 கஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து டச்டவுன் அடித்தார். பாந்தர்ஸ் 26-15 என்று வென்றது. அணியின் வரலாற்றில் அதுவே முதல் வெற்றி. அந்தப் பந்தைப் பிடிக்க உயரம் தேவைப்படவில்லை. இடுப்பளவில் வந்த பந்து அது. சற்றுமுன் நான் சொன்ன, விநாடிக்கும் குறைவான நேரத்து வாசிப்பு எத்தகையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டே, தொடங்கி இரண்டாவது பருவத்திலேயே, பாந்தர்ஸ் 12 ஆட்டங்களில் வென்று, நடப்பு வாகையரான டல்லஸ் கவ்பாய்ஸைப் பிளேஆஃப் சுற்றில் வீழ்த்தி, லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரே படி கீழே வரை சென்றது. அங்கே கிரீன் பே பேக்கர்ஸிடம் தோற்றது. அந்தப் பருவத்தில் 37 வயதான மில்ஸ் அந்தந்த இடத்தின் சிறந்தவர்களைப் பட்டியலிடும், லீகின் முதல்தர ‘ஆல்-புரோ’ அணியில் இடம்பெற்றார். லைன்பேக்கர்களில் பலர் முழங்காலும் கழுத்தும் தேய்ந்து முப்பதைச் சற்றே கடந்ததும் ஓய்வுபெறுகிறார்கள். 1997 பருவத்தோடு அவரும் ஓய்வுபெற்றபோது, என்.எஃப்.எல்.-இல் 181 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார். 1998-இல் பாந்தர்ஸின் தாயகமான சார்லட் நகர அரங்குக்கு வெளியே அவருடைய சிலை நிறுவப்பட்டது. அவர் அணிந்த 51-ஆம் எண்ணை அந்த அணியில் வேறெவருக்கும் வழங்குவதில்லை.

அதே அணியில் லைன்பேக்கர்களுக்குப் பயிற்றுநராக இருந்தபோது, 2003 ஆகஸ்டில் அவருக்குக் குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களே என்று மருத்துவர்கள் கணித்தார்கள். சிகிச்சைக்கு இடையிலும் அவர் பயிற்றுநர் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய பொறுப்பில் இருந்த லைன்பேக்கர்களில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸும் அதே காலத்தில் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2004 ஜனவரியில் டல்லஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன் மில்ஸ் வீரர்களிடம் பேசினார். நோய் தெரியவந்தபோது தமக்கு இரண்டே வழிகள் இருந்தன, விட்டுவிடலாம் அல்லது மோதிக்கொண்டே இருக்கலாம், தாம் போராட்டக்காரன் என்பதால் மோதிக்கொண்டிருக்கிறேன் என்பதே அந்தப் பேச்சின் சாரம். அதன் முடிவில் அவர் சொன்ன, மோதிக்கொண்டே இரு என்னும் பொருளுடைய ‘கீப் பவுண்டிங்’ என்ற சொற்கள் இன்றும் பாந்தர்ஸ் சட்டைக் கழுத்தின் உட்புறம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அணி டல்லஸை 29-10 என்று வென்று, அந்தப் பருவத்தில் சூப்பர் பவுல் வரை சென்று, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் கடைசி விநாடிகளில் 32-29 என்று தோற்றது. மருத்துவர்கள் கொடுத்த கெடுவைக் கடந்து வாழ்ந்த மில்ஸ், 2005 ஏப்ரல் 18 அன்று, தமது 45-ஆம் வயதில் காலமானார்.

ஒஹாயோ மாநிலம் கேன்டனில் உள்ள, இந்த ஆட்டத்தின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றது 2022-இல். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஒருவரை நவீன காலத்தவர் பட்டியலில் வைத்துப் பரிசீலிக்க விதிகள் இருபது ஆண்டுகளை அனுமதித்தன. மில்ஸ் தேர்வானது அந்த இருபதாவது, இறுதி ஆண்டில். கல்லூரித் தேர்வில் அவர் பெயர் அழைக்கப்படாமற் போன 1981-இலிருந்து கணக்கிட்டால் 41 ஆண்டுகள். ஐந்து முறை புரோ பவுலுக்குத் தேர்வானவர், இரண்டு யு.எஸ்.எஃப்.எல். கோப்பைகளை வென்றவர், இரண்டு நகரங்களின் அணிகளுக்கு முதுகெலும்பாக நின்றவர்; அவருக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நடந்த விழாவில் ஏற்புரை வழங்க அவர் இல்லை. அவருடைய துணைவியார் மெலனி மில்ஸ் மேடையேறி அவருக்காகப் பேசினார்.

வாய்ப்பளித்த அவையோருக்கு நன்றி கூறி அமைகிறேன்.