நாடகப் போரில் பறிபோன மணிலா

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்கு முறைப்படி விடுதலை வழங்கிய நாள் 1946 ஜூலை 4. ஆனால் அந்நாட்டு மக்கள் சுதந்திர தினமாகக் கொண்டாடுவது ஜூன் 12. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1565 முதல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த அந்தத் தீவுகளில், 1892-இல் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவும் நண்பர்களும் கதிபுனான் என்ற இரகசிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1896 ஆகஸ்டில் அவர்கள் 'செடுலா' என்னும் வரிச் சீட்டைக் கிழித்தெறிந்து கிளர்ச்சியை அறிவித்தார்கள். தலைவரி கட்டியதற்கு ரசீதாகவும், அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டிய அடையாளமாகவும் இருந்த காகிதம் அது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, ஆயுதக் கிளர்ச்சியை ஆதரிக்காத எழுத்தாளர் ஹோசே ரிசாலையும் ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு மே மாதம் போனிஃபாசியோ கொல்லப்பட்டார்; அதைச் செய்தவர்கள் ஸ்பானியர்கள் அல்லர், தலைமையைக் கைப்பற்றியிருந்த எமிலியோ அகினால்டோவின் ஆட்கள். அது தனியே பேச வேண்டிய வேதனை.

ஸ்பெயினுடன் உடன்பாடு செய்துகொண்டு ஹாங்காங் சென்றிருந்த அகினால்டோ, 1898 மே மாதம் ஓர் அமெரிக்கக் கப்பலிலேயே நாடு திரும்பினார். அந்த ஆண்டு அமெரிக்காவும் ஸ்பெயினும் போரில் இறங்கியிருந்தன; அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி, மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கடற்படையை அப்போதுதான் அழித்திருந்தார். ஜூன் 12 அன்று கவிட் ஊரில் வாசிக்கப்பட்ட விடுதலைப் பிரகடனத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துவிடுகிறது. கொடியின் நீலம், சிவப்பு, வெள்ளை நிறங்கள் அமெரிக்கக் கொடியை நினைவுகூர்பவை என்றும், அவை அந்த நாட்டுக்கு நாங்கள் காட்டும் நன்றி என்றும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த நன்றிக்குக் கிடைத்த பதில் இரண்டே மாதத்தில் தெரிந்தது. பிலிப்பினோ படைகள் மணிலாவைச் சுற்றி வளைத்து, குடிநீரையும் நிறுத்தி, நகரைப் பணிய வைக்கும் நிலையில் இருந்தன. ஆனால் அவர்களிடம் சரணடைவதை ஸ்பானியர்கள் மானக்கேடாகக் கருதினார்கள். ஆகவே டூயியும் ஸ்பானிய ஆளுநரும் பெல்ஜியத் தூதர் ஒருவரை இடையில் வைத்துப் பேசி, ஒரு போரை ஒத்திகை பார்த்தது போல ஏற்பாடு செய்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கக் கப்பல்கள் ஒரு பழைய கோட்டையின் மீது சிறிது நேரம் குண்டு வீசின. பிறகு நகரில் வெள்ளைக் கொடி ஏறியது. அமெரிக்கர்கள் உள்ளே நுழைந்தார்கள். நாடகம்தான் என்றாலும் சிலர் உண்மையாகவே செத்தார்கள். முற்றுகையிட்டு நின்ற பிலிப்பினோக்களை மதிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்; வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளிகள் சாவியை மாற்றிக்கொண்ட கதை அது. இன்னொரு கூத்தையும் கேளுங்கள்: முதல் நாளே வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது. கடலடித் தந்திக் கம்பியை டூயியே மே மாதம் வெட்டிவிட்டதால் செய்தி வந்து சேரவில்லை.

டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஸ்பெயின் 2 கோடி டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அகினால்டோ அனுப்பிய தூதர் பெலிபே அகோன்சில்லோவை அந்தப் பேச்சில் உட்காரவே விடவில்லை. 1899 ஜனவரியில் மலோலோஸ் ஊரில் பிலிப்பினோக்களின் குடியரசு நிறுவப்பட்டது, பிப்ரவரி 4 அன்று அமெரிக்கர்களோடு போர் வெடித்தது. அமெரிக்க அரசு அதற்கு இட்ட பெயர் 'கலகம்'. சொந்த நாட்டில் சொந்த அரசுக்காகப் போரிடுவது யாருக்கு எதிரான கலகம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டார்.

1962-இல் குடியரசுத் தலைவர் மக்கபகல் சுதந்திர தினத்தை ஜூலை 4-இலிருந்து ஜூன் 12-க்கு மாற்றினார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் அடைந்த சேதத்துக்கு இழப்பீடு தரும் மசோதாவை அமெரிக்கக் கீழவை நிராகரித்திருந்த நேரம் அது. அந்த ஆண்டு விழாவுக்கு 93 வயது அகினால்டோவும் வந்திருந்தார். தேதி மாற்றம் சட்டமானது 1964 ஆகஸ்டில். அதற்குள், அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்துபோயிருந்தார்.