மூன்றாம் வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது?

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கைக் குலைக்காமல் எழுத்தாக்கியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

வெளியே மழை பிடித்துவிட்டது. வரும்போது ஓட்டோக்காரத் தம்பி கால்வாய்ப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். "தண்ணி ஏறுதா எண்டு பார்க்கிறன் சேர்" என்றார். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது பழகிப்போன வேலை. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

காடு பற்றிப் பேச வந்தவன் கால்வாயில் தொடங்குகிறானே என்று பார்க்காதீர்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள்தான் இந்த நகரத்தின் காடு. மழை கொட்டும்போது தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு மெல்ல விடுவது அவைதான். 2018இல் உலகில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெருமைதான். ஆனால் அதே சதுப்புகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மரம், நம்முடைய அன்னமுன்னாச் சாதியைச் சேர்ந்தது, கண்டபடி பரவிக்கிடக்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் பச்சைப் பசேல் என்றிருக்கும். பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று கணக்கெழுதினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நாம் வன்னிக்குப் போக வேண்டாம், பத்தரமுல்லைக்குப் போனால் போதும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பருவநிலை மாற்றத்தால் அடிவாங்கும் நாடுகள், காடுகளை மீட்பதற்குத் தேசிய அளவில் எப்படித் திட்டமிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் பெரிய தலைப்பாகக் கொடுத்தார்கள். நான் அதை ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். நட்ட கன்றுக்கு மூன்றாம் வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது? முதல் வருடம் பிரமுகர் ஊற்றுவார், படம் எடுப்பார்கள். இரண்டாம் வருடம் திட்டத்தில் மிச்சக் காசு இருக்கும். அப்புறம்?

முதலில் கொஞ்சம் கணக்கு. 1956இல் விமானப் படங்களை வைத்துப் பார்த்தபோது இலங்கையில் 44 வீதம் காடு. இன்று ஏறக்குறைய 29 வீதம். இதை 2030க்குள் 32 ஆக்குவோம் என்று பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாம் கொடுத்த வாக்குறுதியில் எழுதியிருக்கிறோம். மூன்று வீதம்தானே என்று தோன்றும். நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். அதில் மூன்று வீதம் என்றால் கிட்டத்தட்ட 2 இலட்சம் ஹெக்டேயர். யாழ்ப்பாண மாவட்டத்தை வீடு, வயல், கோயில், கடனீரேரி எல்லாம் சேர்த்து அளந்தாலும் ஓர் இலட்சத்துச் சொச்சம்தான் வரும். அப்படி இரண்டு யாழ்ப்பாணம் தேவை. அந்த நிலம் எங்கே இருக்கிறது? இந்தத் தீவில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒருவர் மாடு மேய்க்கிறார், ஒருவர் விறகு பொறுக்குகிறார், ஒருவர் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் வைக்கிறார், இன்னொருவர் காணி உறுதி இல்லாமல் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறார்.

திட்டம் எழுதுகிறவர்களின் வரைபடத்தில் இவர்கள் யாரும் தெரிவதில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2005. சுனாமிக்கு அடுத்த வருடம். கரையோரம் முழுக்கக் கண்டல், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம், நட வேண்டும் என்று உலகமே காசு அனுப்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு நிறுவனத்தில் கள அலுவலர், வயது குறைவு, உற்சாகம் அதிகம். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சேற்று வெளியைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் அந்த இடம்? அங்கே யாருடைய வீடும் இல்லை, சண்டை வராது, லொறி போகும். தவறணையில் கன்று தயாராக இருந்தது. (யாழ்ப்பாணத்தவர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் ஊர்த் தவறணை கள்ளுக்கடை, மற்ற ஊர்களில் கன்று வளர்க்கும் இடத்துக்கும் அதுதான் பெயர்.) ஆயிரக்கணக்கில் கண்டல் நட்டோம். வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. தோணி கட்ட வந்த ஒரு வயதானவர் பார்த்துக்கொண்டே நின்றார். "மகன், இஞ்ச கண்டல் நிண்டத நான் கண்டதில்ல. அங்கால மேட்டில கண்ணா தானா வரும், அதுக்கு வாய்க்கால வெட்டி விடுங்க" என்றார். கண்ணா என்பது கண்டலின் இன்னொரு வகை மரம். நான் தலையாட்டினேன். வாய்க்கால் வெட்ட எங்கள் பாதீட்டில் வரியே இல்லை. கன்று நடத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்துப் போனேன். குச்சிகள் நின்றன. சிலவற்றில் சிப்பி மாதிரி என்னவோ ஒட்டிக்கிடந்தது. அறிக்கையில் நட்ட எண்ணிக்கை போயிருந்தது. நின்ற எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

இது என் ஒருவனின் கதையல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைத் தேடிப் போய்ப் பார்த்தது. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதாகக் கணக்கு. தேறியது சுமார் 200. ஒன்பது இடங்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை. காரணங்களைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது: தவறான இடம், அந்த இடத்துக்கு ஒவ்வாத மரம், நட்டபின் யாரும் பார்க்காதது. மூன்றும் நாங்கள் செய்தவை. இந்த நாடு அதிலிருந்து படித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கே முன்மாதிரியான திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. இப்போது முதலில் தண்ணீரின் போக்கைச் சரிசெய்கிறார்கள், கன்று தானாக வர வழிவிடுகிறார்கள், கரையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தோணிக்கார ஐயா சொன்னதுதான். அவருக்கு விருது கொடுக்க வழியில்லை.

மலையகத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை. மண்சரிவில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை எடுக்க வேண்டும் என்று அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு தொலைக்காட்சியில் பேசிய பலர், சொல்லியும் போகவில்லையே என்றார்கள். எங்கே போவது? லயன் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் கம்பனியின் கையில். அந்தத் தொழிலாளிக்குப் போய்க் குடியேற 7 பேர்ச் நிலம்கூடத் தன் பெயரில் இல்லை. சரிவில் மரம் வளர்த்து மண்ணைப் பிடிக்கலாம், உண்மை. ஆனால் அதற்கு முதலில் சரிவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு இடம் வேண்டும். ஆக, மண்சரிவுத் தழுவல், அதாவது மாறும் பருவநிலைக்கு ஏற்ப நம்மைத் தகவமைத்துக்கொள்வது, என்று நாம் காகிதத்தில் எழுதுவது உண்மையில் காணி உறுதிப் பிரச்சினை. இது வனவளத் திணைக்களத்தின் கோப்பில் வராது, அனர்த்த முகாமைத்துவத்தின் கோப்பிலும் வராது. இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. தேசியத் திட்டம் என்று ஒன்று தேவைப்படுவதே இப்படி நடுவில் விழுவதைத் தூக்கத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மலையகத்தில் பைன் நட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். 70களிலும் 80களிலும் வெறும் புல்லாகக் கிடந்த சரிவுகளில் பைன் வைத்தார்கள். தீப்பிடிக்கிறது, தண்ணீரைக் குடித்துவிட்டது என்று ஊரே திட்டுகிறது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியினர் வேறு மாதிரி யோசித்தார்கள். பைனை ஒட்டுமொத்தமாக வெட்டாமல், சில வரிசைகளை மட்டும் நீக்கி, வெளிச்சம் விழ இடம்விட்டு, மழைக்காட்டு மரங்களை நடுவில் வைத்தார்கள். பைன் நிழல் கொடுக்கும் செவிலி மாதிரி நின்றது. உள்ளூர் மரங்கள் எழும்பின. 90களின் தொடக்கத்தில் தொடங்கிய வேலை அது. வருடக்கணக்காக விடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து வருடத் திட்டத்தில் இதை எந்தக் கட்டத்துக்குள் போடுவது?

வெளிநாட்டு உதாரணம் கேட்பீர்கள். இரண்டே இரண்டு சொல்கிறேன்.

நைஜர், சஹாராவின் விளிம்பிலுள்ள ஏழை நாடு. அங்கே டோனி ரினாடோ என்ற அவுஸ்திரேலியர் 80களில் கன்று நட்டுத் தோற்றுப்போனார். வைத்ததில் பெரும்பாலானவை செத்தன. பிறகுதான் கவனித்தார், வயல்களில் பற்றை மாதிரித் தெரிந்தவை எல்லாம் வெட்டுண்ட மரங்களின் கட்டைகள், வேர் உயிரோடுதான் இருக்கிறது. தளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தால் மரமாகிவிடும். செலவு ஒரு கத்தி. ஆனால் மரம் அரசின் சொத்து என்றிருந்தவரை விவசாயிக்கு அதில் அக்கறை இல்லை. தன் வயலில் நிற்பது தனக்கு என்று ஆனபிறகு சுமார் 50 இலட்சம் ஹெக்டேயரில் மரம் திரும்பியது.

நேபாளம் 1993இல் சட்டம் செய்து காட்டைக் கிராமத்துக் குழுக்களிடம் கொடுத்தது. இன்று அப்படி 20,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992இல் 26 வீதமாக இருந்த காடு 2016இல் 45 வீதம். இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனதால் கைவிடப்பட்ட வயல்களிலும் மரம் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் புல் எப்போது அறுக்கலாம், விறகு யாருக்கு என்று அந்த ஊரே கூடித் தீர்மானிக்கிறது.

இதைச் சொல்லும்போது வன்னியை நினைக்காமல் இருக்க முடியாது. 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்களுக்கு வயலில் பற்றைக்காடு. சிலருக்கு அதில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லும். நாங்கள் வெட்டித் திருத்திய காணி, இடம்பெயர்ந்தோம், அதனால் காடாகிவிட்டது என்கிறார்கள். அதிகாரி வரைபடத்தைக் காட்டுகிறார். காட்டையும் விட முடியாது, முல்லைத்தீவு நாட்டிலேயே காடு கூடிய மாவட்டங்களில் ஒன்று. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அந்தக் காடு போனால் கீழேயுள்ள குளங்களும் போய்விடும். ஆனால் காணி போனவரை மரத்தின் காவலாளியாக எதிர்பார்க்கவும் முடியாது. இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் அரங்கில் பாதிப்பேருக்குப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டாக, பழைய உறுதியையும் மரத்தின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

காசு பற்றிச் சுருக்கமாக. பாதிக்கப்படும் நாடுகள் 2015இல் வி20 என்று நிதியமைச்சர்களின் கூட்டணி அமைத்தன. நாமும் அதில் உறுப்பினர்கள். 2022இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு, மரம் நட இன்னொரு கடன் வாங்கினால் அதை மீட்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மரம் உறிஞ்சும் கார்பனைக் கணக்கிட்டு விற்றுக் காசு பார்க்கலாம் என்பவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேகமாக வளரும் மரம் வேண்டும். எந்த மரம் என்று மலையகத்தவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு குளம். ஒரு குளத்தின் தண்ணீர் கீழேயுள்ள அடுத்த குளத்துக்குப் போகும் வறண்ட வலயத்தின் தொடர்குள முறையை உலக உணவு விவசாய அமைப்பு 2017இல் விவசாய மரபுச் செல்வமாக ஏற்றது. குளத்துக்கு மேலே ஒரு மரவரிசை, காற்றைத் தடுத்துத் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். சிங்களத்தில் கஸ்கொம்மன. அணைக்குக் கீழே இன்னொன்று, கட்டகடுவ, கசியும் தண்ணீரின் உப்பை வயலுக்குப் போகுமுன் பிடிக்கும். வவுனியாப் பக்கம் ஒரு சிறுகுளத்தில் இந்த மரவரிசையைத் திரும்ப வைக்கும் வேலையில் இருந்தேன். ஊரில் ஓர் அக்கா முதல் கூட்டத்திலேயே கேட்டார், "ஆடு தின்னுமே, வேலி ஆர் போடுறது?" பட்டியலில் வேலி இல்லை. இந்த முறை நான் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. கன்றின் எண்ணிக்கையைப் பாதியாக்கி வேலிக்குக் காசு எடுத்தோம். மேலிடத்தில் ஏச்சு விழுந்தது, இலக்கு குறைந்துவிட்டதாம். மருதும் புளியும் நாவலும் இப்போது என்னைவிட உயரம்.

நம்முடைய தேசிய தழுவல் திட்டம் 2016 முதல் 2025 வரைக்கானது. அடுத்தது கையில் வரும்போது, முன்னுரையை விடுங்கள், அட்டவணைக்குப் போங்கள். பராமரிப்பு என்ற இடத்தில் எத்தனை வருடம் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் நெடுநேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். முல்லைத்தீவுக்காரர் என்று முகத்திலேயே தெரிகிறது. ஐயா, நீங்கள் சொல்லுங்கள்.