விஸ்கஸ் ஃபேனை கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, "அண்ணா, எங்கிட்ட பழைய டீசல் ஃபோர் பை ஃபோர் இருக்கு, கம்பெனி போட்ட விஸ்கஸ் ஃபேன்தான், லோ ரேஞ்ச்ல (மெதுவா, நல்ல இழுவையோட போற கியர்) ஐடில்ல ஊர்ந்து மேடு ஏறுறப்ப டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ஃப்ரெண்டு ஒருத்தர் அதை கழட்டி வீசிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடு, பவரும் ஏறும் மைலேஜும் ஏறும்ங்கறாரு, போடலாமா?" அப்படின்னு.

தம்பி, இப்போதைக்கு போடாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

விஸ்கஸ் ஃபேன்னா என்னன்னு முதல்ல பாத்துருவோம். பெல்ட்டுல சுத்துற புல்லி இருக்குல்ல, நிறைய வண்டியில அது வாட்டர் பம்ப் புல்லியாவே இருக்கும், அதுக்கும் ஃபேன் ரெக்கைக்கும் நடுவுல ஒரு கிளட்ச் உக்காந்திருக்கு, உள்ள கெட்டியான சிலிகான் ஆயில். முன் மூஞ்சில சுருளா ஒரு பைமெட்டல் ஸ்பிரிங் இருக்கும் பாருங்க, ரேடியேட்டரை தாண்டி வர்ற காத்து சூடாச்சுன்னா அது முறுக்கிக்கிட்டு உள்ள இருக்கற வால்வை திறக்கும், ஆயில் தட்டுகளுக்கு நடுவுல போயி பிடிச்சு இழுக்கும், ஃபேன் வேகம் ஏறிடும். சூடு குறைஞ்சா ஆயில் திரும்பி ஒதுங்கிரும், ஃபேன் சும்மா வழுக்கிக்கிட்டு மெதுவா சுத்தும். அவ்வளவுதான். வயரும் கிடையாது, ரிலேவும் (கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற எலக்ட்ரிக் ஸ்விட்ச்) கிடையாது, சேறு தண்ணி எதுவும் அதை பெருசா ஒண்ணும் பண்ணாது.

இப்ப பவர் விஷயம். ஃபேனோட வேகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அதை சுத்த தேவைப்படுற பவர் எட்டு மடங்கு ஆகும், இது ஃபேனோட இயற்பியல், யாரும் மாத்த முடியாது. நல்ல எலக்ட்ரிக் ஃபேன் ஒண்ணு 30 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, 13.5 வோல்ட்டுல பெருக்கினா சுமார் 400 வாட்ஸ், அதாவது அரை ஹெச்பி கிட்ட. ரெண்டு ஃபேன் போட்டா ஒரு ஹெச்பி. ஆனா விஸ்கஸ் ஃபேன் நல்லா பிடிச்சு 3000 ஆர்பிஎம்ல சுத்துறப்ப பல ஹெச்பி சாப்பிடும். "பாத்தீங்களா எவ்ளோ வேஸ்ட்டு"ன்னு உங்க ஃப்ரெண்டு இங்கதான் சொல்லியிருப்பாரு. வேஸ்ட்டு இல்லைங்க, அந்த பவர் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்கத்தான் போகுது! அரை ஹெச்பி மோட்டார் அந்த அளவு காத்தை தள்ள வாய்ப்பே இல்ல. அதே விஸ்கஸ், ஹைவேல என்ஜின் அளவா சூடா ஓடுறப்ப வழுக்கிக்கிட்டுதான் இருக்கும், அப்ப அது சாப்பிடறது கொஞ்சம்தான். ஆக எலக்ட்ரிக் போட்டு நீங்க மிச்சம் பிடிக்கிற பெரிய பவர் எல்லாம், என்ஜின் காத்துக்கு தவிக்கிற நேரத்துல மிச்சம் பிடிக்கிற பவர். மைலேஜ்ல வித்தியாசம் வரும்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா மாத்துற செலவை எடுக்கற அளவுக்கு எதிர்பாக்காதீங்க.

அதனால கேள்வியை வேற மாதிரி கேக்கணும், உங்க வண்டி எந்த மாதிரி இடத்துல சூடாகுது? மணல்ல ஓட்டுறீங்கன்னா, செகண்ட் தேர்ட் கியர், 3000 ஆர்பிஎம், ஃபுல் லோடு, வேகம் பாத்தா 25, 30 கிலோமீட்டர், எதிர்காத்து உதவியே இல்ல, சில நேரம் காத்து பின்னாடியிலேர்ந்து வீசும். அங்க விஸ்கஸ்க்கு நிகர் கிடையாது, ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும். ட்ரெய்லர் இழுத்துக்கிட்டு மலை ஏறுறதும் இதே கணக்கு. லேண்ட் க்ரூஸர் 70, 80 சீரிஸ்ல, டிஃபென்டர் 300 டிடிஐல எல்லாம் விஸ்கஸ் இருந்ததுக்கு காரணம் எலக்ட்ரிக் மோட்டார் கிடைக்காம இல்ல.

பாறையில ஊர்றது வேற கதை. என்ஜின் ஐடில்ல 800 ஆர்பிஎம், விஸ்கஸ் முழுசா பிடிச்சாலும் புல்லி வேகத்தை தாண்டி சுத்த முடியாதுல்ல. எலக்ட்ரிக்குக்கு ஆர்பிஎம் பத்தி கவலையே இல்ல, நின்ன இடத்துல முழு வேகம். பெட்ரோல் வண்டி, ஏசி போட்டுக்கிட்டு மணிக்கணக்கா ஊர்றீங்க, வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டியை கேபிள்ல இழுக்கற மோட்டார்) போடறதுக்காக நின்னுக்கிட்டே இருக்கீங்கன்னா எலக்ட்ரிக் நல்லா வேலை செய்யும். இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு, ஆல்டர்னேட்டர் மேல 90 ஆம்பியர்னு எழுதியிருந்தா அது ஐடில்ல வராது, பாதி வந்தாலே பெருசு, அதுல ரெண்டு ஃபேன் 50, 60 இழுத்துச்சுன்னா ஹெட்லைட், ஏசி ப்ளோயர், ஃப்ரிட்ஜ் எல்லாம் பேட்டரியிலேர்ந்து போகும், அதுக்கு மேல வின்ச்சும் இழுத்தீங்கன்னா சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

தண்ணி கடக்கறது பத்தி சொல்லாம விட்டா திட்டுவீங்க. விஸ்கஸ் ஃபேன் பிடிச்ச நிலையில தண்ணிக்குள்ள போச்சுன்னா ரெக்கை போட் ப்ரொபெல்லர் மாதிரி தண்ணியை தள்ளும், ப்ளாஸ்டிக் ரெக்கை முன்னாடி வளைஞ்சு ரேடியேட்டரை அறுத்துடும். கிளட்ச் வழுக்குற நிலையில இருந்தா ஆபத்து கம்மி, அதனால மேடு ஏறி கொதிக்க கொதிக்க வந்து நேரா ஆத்துல இறக்காதீங்க, கொஞ்சம் நிறுத்தி ஆறவிட்டு, கிரில் முன்னாடி தார்பாய் கட்டி, ஒரே சீரான வேகத்துல போங்க, நடுவுல நிக்காதீங்க. எலக்ட்ரிக்ல ஸ்விட்ச் போட்டு ஆஃப் பண்ணிக்கலாம், இது நிஜமாவே பெரிய வசதி, ஆழமான தண்ணியில அடிக்கடி போறவங்களுக்கு இது ஒண்ணே போதும் மாத்துறதுக்கு. ஆனா சூடான மோட்டார் திடீர்னு குளிர்ந்த தண்ணியில முங்குச்சுன்னா உள்ள காத்து சுருங்கி தண்ணியை உறிஞ்சும், மலிவு மோட்டார் அப்படித்தான் கொஞ்ச நாள்ல மூச்சை விடும். அந்த ஸ்விட்ச்சுக்கு ஒரு சிவப்பு லைட் கண்டிப்பா வைங்க, ஆஃப் பண்ணதை மறந்துட்டு அடுத்த மேடு ஏறி ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) ஊதினவங்க ஏராளம்.

சரி, என்ன சொன்னாலும் எலக்ட்ரிக் தான்னு முடிவு பண்ணவங்க கேளுங்க. ஷ்ரவுட் (ஃபேனை சுத்தி ரேடியேட்டரோட ஒட்டி இருக்கற கூடு) இல்லாம போடாதீங்க, ரேடியேட்டர் ஃபின்னுக்குள்ள ப்ளாஸ்டிக் டை விட்டு கட்டுவாங்களே, அது ஆட்டத்துல உரசி உரசி ட்யூப்ல ஓட்டை போடும். ஷ்ரவுட் மொத்த கோரையும் (ட்யூபும் ஃபின்னும் இருக்கற ரேடியேட்டர் பகுதி) மூடணும், ஹைவேல காத்து அடைபடாம இருக்க ரப்பர் ஃப்ளாப் இருந்தா நல்லது. ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ், ஸ்டார்ட் ஆகற நொடியில கரண்ட் ரெண்டு மூணு மடங்கு ஏறும்ங்கறதால 30 ஆம்பியர் ஃபேனுக்கு 30 ஆம்பியர் ரிலே வச்சா ஒரு நாள் உருகும். வயர் கனமா போடுங்க, எர்த்தை பெயின்ட் மேல முடுக்காதீங்க. சென்சார்... ஃபின்னுக்கு நடுவுல குத்துற ப்ரோப் வேண்டாம், ஹோஸ் அடாப்டர்லயோ ரேடியேட்டர் டேங்க்லயோ கூலன்ட்டை தொடற மாதிரி வைங்க. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) 82 டிகிரில திறக்குதுன்னா ஃபேன் 93, 95ல ஆன், 88 வாக்குல ஆஃப், அப்படி வைங்க. நிறைய பேர் பயத்துல 80ல வைக்கறாங்க, அப்புறம் ஃபேன் நிக்கவே நிக்காது. ஏசி இருந்தா அதோட ப்ரெஷர் ஸ்விட்ச்சும் ஃபேனை கூப்பிடற மாதிரி இணைக்கணும், இல்லைன்னா நின்ன இடத்துல ஏசி சூடா ஊதும்.

ரெண்டும் வச்சுக்கலாமான்னா வச்சுக்கலாம். ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே 4.0ல கம்பெனியே அப்படித்தான் செஞ்சான், ஒரு பக்கம் மெக்கானிக்கல் (பெல்ட்டுல சுத்துற விஸ்கஸ்), பக்கத்துலயே எலக்ட்ரிக். ஊர்றப்பவும் ஏசிக்கும் எலக்ட்ரிக், இழுக்கறப்ப மெக்கானிக்கல். எனக்கு புடிச்ச ஏற்பாடு.

இப்ப தம்பி, உங்க வண்டிக்கு வருவோம். டீசல் ஐடில்ல ஊர்றப்ப பெருசா சூடு உண்டாக்காது, அப்பவே முள்ளு ஏறுதுன்னா ஏற்கனவே ஏதோ கெட்டிருக்கு, ஃபேனை மாத்தினா அது மறைஞ்சுதான் நிக்கும். முதல்ல ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சு பாருங்க, சேறும் புல்லும் அப்பியிருக்கும், என்ஜின் பக்கத்துலேர்ந்து வெளியே தள்ற மாதிரி மெதுவா தண்ணி அடிங்க, ப்ரெஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிடும். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் ரெண்டும் விலை கம்மி, மாத்திடுங்க. அப்புறம் கிளட்ச். காலையில முதல் ஸ்டார்ட்ல கொஞ்ச நேரம் ஃபேன் உறுமிட்டு அடங்கணும், அந்த உறுமலே இல்லைன்னா சந்தேகப்படுங்க. நல்லா சூடானதும் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, கையால சுத்திப் பாருங்க, இறுக்கமா இருக்கணும், தட்டிவிட்டா பல சுத்து ஓடுதுன்னா ஆயில் போயிருச்சு. நடுவுல எண்ணெய் பிசுக்கோட தூசி படிஞ்சிருந்தாலும் அதே தான். டொயோட்டா கிளட்ச் வகைகள்ல சிலதுல பிரிச்சு 10,000 சிஎஸ்டி (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு) சிலிகான் ஆயில் ஊத்தலாம், மத்ததுல புது கிளட்ச்தான்.

இன்னொண்ணு, அந்த ஸ்பிரிங் பாக்கறது காத்தோட சூட்டை, கூலன்ட் சூட்டை இல்ல. ரேடியேட்டர் நடுப்பகுதி உள்ள அடைச்சிருந்தா அங்க கூலன்ட் ஓடாது, நடுவுல வர்ற காத்து குளிர்ச்சியா இருக்கும், என்ஜின் கொதிச்சாலும் கிளட்ச் பிடிக்காது. புது கிளட்ச் போட்டும் சரியாகலைன்னு சொல்றவங்க பல பேருக்கு இதுதான் காரணம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு கோர் முழுக்க அளந்து பாருங்க, நடுவுல மட்டும் குளிர்ச்சியா இருந்தா ரேடியேட்டரை கழட்டி ராட் விட்டு கிளீன் பண்ணணும், இல்ல புதுசு.

இதெல்லாம் முடிச்சப்புறமும் ஏறுச்சுன்னா எத்தனை டிகிரி, எத்தனை ஆர்பிஎம், ஏசி ஆன்ல இருந்துச்சா, இந்த மூணையும் குறிச்சு அனுப்புங்க, கம்பெனி மீட்டர் முள்ளை வச்சு இல்ல, அது நடுவுலயே ரொம்ப நேரம் சும்மா நிக்கும், தனியா ஒரு டெம்பரேச்சர் கேஜ் மாட்டிட்டு பாத்து அனுப்புங்க.