நீலக் கோட்டும் கறுப்புக் கோட்டும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1830-இல் வெளியிட்ட ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலைப் படித்த நேயர் ஒருவர், மார்க்கி என்னும் பிரபுப் பட்டம் தாங்கிய த லா மோல் தம் செயலாளன் ழூலியன் சொரேல் மீது வைத்திருந்தது உண்மையான அன்புதானா என்று கேட்டிருக்கிறார். உண்மையான அன்புதான் என்பது என் வாசிப்பு. ஆனால் மரம் அறுப்பவரின் மகனான அவனை, மரம் அறுப்பவரின் மகனாகவே வைத்து மதிக்க அந்தப் பிரபுவுக்கு வழி தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிகச் சாதாரணமான ஒரு சொல்லில் ‘எல்’ எழுத்தை இரண்டு முறை எழுதிவிடுகிறான் ழூலியன். மார்க்கி அவனை விரட்டவில்லை. ஐயம் வரும் சொற்களை அகராதியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பின்னர் கவுட் என்னும் மூட்டுவலி அவரை வீட்டோடு முடக்கிப்போட, மனைவியும் மகளும் ஊரில் இல்லாத அந்த நாட்களில் பேச்சுத்துணைக்கு இவன் ஒருவனே கிடைக்கிறான். அப்போது அவனுக்கு ஒரு நீலக் கோட்டைப் பரிசளிக்கிறார். மாலையில் அதை அணிந்து வந்தால், அவன் அவருடைய நண்பரான முதிய டியூக்கின் இளைய மகன்; காலையில் கறுப்புக் கோட்டில் கடிதக் கட்டோடு வந்தால், சம்பளம் வாங்கும் செயலாளன். நான் இவ்வளவு நேரமும் ஒருவரை ‘அவர்’ என்றும் மற்றவனை ‘அவன்’ என்றும் சொல்லி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வேறுபாட்டைத்தான் அந்த நீல நிறம் மாலைப் பொழுதுக்கு மட்டும் விலக்கி வைக்கிறது.

ஒரு நாள் காலை, அவன் பேச்சில் மகிழ்ந்துபோன மார்க்கி, பங்குச் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்த பணத்தாள்களில் சிலவற்றை அவனிடம் நீட்டுகிறார். கறுப்புக் கோட்டுக்காரன் இதை வாங்கிக்கொண்டால், நீலக் கோட்டுக்காரனுக்கு நீங்கள் அளித்திருக்கும் உரிமை கெட்டுவிடும் என்று சொல்லி, வணங்கிவிட்டு, அந்தப் பணத்தைத் திரும்பிக்கூடப் பாராமல் போய்விடுகிறான். இந்த நாவலில் நான் மீண்டும் மீண்டும் படிக்கும் இடம் இது. அந்தத் தன்மானம் மார்க்கியைத் தொட்டுவிடுகிறது. ஆனால் அதை ஒரு தொழிலாளி மகனின் தன்மானமாக ஏற்காமல், ழூலியன் உண்மையில் உயர்குடியில் பிறந்தவன் என்ற வதந்தி பரவ அவரே இடம் கொடுக்கிறார்.

மகள் மத்தில்த் அவனால் கருவுற்றதை அறிந்து முதலில் கொதித்தாலும், பிறகு அவர் செய்வதும் அதுவேதான்: ‘லா வெர்னே’ என்ற புதுப் பெயரையும் குதிரைப்படையில் அதிகாரிப் பதவியையும் தருகிறார். ழூலியன் முன்பு வேலை பார்த்த வீட்டின் தலைவியும் அவனுடைய பழைய காதலியுமான திருமதி ரெனாலிடமிருந்து அவனைப் பழித்து ஒரு கடிதம் வந்ததும் திருமணத்துக்கு அடியோடு மறுக்கிறார். அந்தத் திருமதி ரெனாலைத் துப்பாக்கியால் சுட்ட குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் ழூலியன், நடுவர்களைப் பார்த்து, உங்கள் வகுப்பில் பிறக்கும் பேறு எனக்கு இல்லை, தன் தாழ்ந்த நிலையை எதிர்த்துக் கிளம்பிய ஒரு குடியானவனையே நீங்கள் பார்க்கிறீர்கள் என்கிறான்.