பாண்டவர் வீட்டுக்குப் பட்டா உண்டா?

தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, சால்வை போர்த்திய நூலகர் ஐயா அவர்களே, விடுமுறை நாளிலும் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பந்தல் கிடைக்காது), ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். நம் மலைமேல் பலகைக்கல்லால் அறைபோல எழுப்பி நிற்கும் பழைய கல்திட்டைகளை யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள், நாம் என்ன செய்யப்போகிறோம்.

வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய வீடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சொல்லட்டும், அந்தப் பயபக்திதான் இத்தனை நாள் கல்லைக் காப்பாற்றியது. கட்டியவர்கள் இரும்புக் காலத்து மக்கள், இறந்தவர்களுக்காக. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் மலையில் ஏறிப் பாருங்கள். சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்த துளை. இடுதுளை என்பார்கள்.

உள்ளே புதையல் என்று நம்பி ஒரு ஊரில் நாலு பேர் ராத்திரியில் போனார்கள். கூடவே ஒரு மந்திரவாதி, பலிகொடுக்க ஒரு கருஞ்சேவல். கடப்பாரை போட்டு நெம்புகிறார்கள், மூடுகல் அசையவில்லை. மந்திரவாதி சேவலைத் தேடினால், அது இடுதுளை வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு கூவுகிறது! ஆட்டுப்பட்டியில் காவலுக்குப் படுத்திருந்த கிழவியின் நாய் பாய்ந்து வந்தது. எறிவதற்குக் கைக்கு ஒரு கல் அகப்படவில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம்! அவ்வளவு பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு! ஓட்டம் பிடித்தார்கள். சேவல் குழம்பானது. கடப்பாரை இன்றும் கிழவி வீட்டில்தான், தேங்காய் உரிக்கிறது.

சிரிக்கிறீர்கள். ஆனால் கல்குவாரிக்காரர் நாய்க்குப் பயப்படமாட்டார். வருவாய்க் கணக்கில் இந்த மலை என்னவென்று இருக்கிறது? ‘கல்லாங்குத்து’. அதாவது ஒன்றுக்கும் உதவாத தரிசு. ஏலம் விடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? பழனிப் பக்கத்துப் பொருந்தலில் ஒரு கல்லறைக்குள் நான்கு கால் சாடி, சாடி நிறைய நெல். கி.மு. 490 என்று கணித்தார்கள். அங்கே வெடி முந்தியிருந்தால் அந்த நெல் ஜல்லியோடு ஜல்லியாக லாரி ஏறியிருக்கும். அப்புறம் அதிகாரி வருவார், அளப்பார். அதிகாரியைக் கண்டால் கல்லைக் காணோம் என்றாகிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டால், சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடமோ சுரங்கமோ கூடாது. பட்டியலில் ஏற வேண்டுமே! அதற்கு முதல் வேலை, ஒவ்வொரு கல்திட்டையும் எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்று எழுதி, மே 1 கிராமசபையில் தீர்மானம் போடுவது. பிள்ளைகள் பாதி மலையை எண்ணி முடித்துவிட்டார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு நேரமில்லை, நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைவர் அம்மா போடுவார் என்று அவர்களைக் கேட்காமலேயே அறிவித்துவிடுகிறேன். பேனா இதோ.